இரண்டு பேனாக்கள்

வியாழக்கிழமை நாலு மணிக்கு
கிரிம்ஸ்பி நூலக மாடியறையில்
பிளாஸ்டிக் உருளைக்கிழங்கு பரிமாறுகிறார்கள்.
ரப்பர் முட்டை, மெழுகு ரொட்டி,
ஒரே கட்டியாய் ஒட்டிப்போன பச்சைப் பட்டாணி.
எதில் எத்தனை கிராம் மாவுச்சத்து என்று
கையில் ஏந்திப் பார்த்துச் சொல்ல வேண்டும்.
வெண்டி தர்க்கெல் எடுத்தது வாழைப்பழம்.
அதில் யார் வீட்டுப் பிள்ளையோ
பல் பதித்திருந்தது.

மீன் ஆலையில் இருபத்தாறு வருட இரவுப்பணி.
காட் மீனின் முள்ளெடுத்து மரத்த விரல்கள்
குத்தினால் சுலபத்தில் ரத்தம் தராது.
பிழிய வேண்டும், உதற வேண்டும்,
வெந்நீர்க் குழாயில் காட்ட வேண்டும்.
ஒரு சொட்டுக்கு இத்தனை கெஞ்சலா என்று
போன அக்டோபரில் விட்டுவிட்டாள்.

ஆனால் நோட்டுப் புத்தகம் நிரம்பியது.
மருத்துவரைப் பார்க்கும் நாளில்
ஒன்பதாம் எண் பேருந்தில்
மூன்று மாதத்தையும் ஒரே மூச்சில் எழுதுவாள்.
காலைக்கு நீலப் பேனா, இரவுக்குக் கறுப்பு.
ஆறு புள்ளி இரண்டு.
ஐந்து புள்ளி ஒன்பது.
நம்பும்படி இருக்கட்டுமென்று
பதினைந்து நாளைக்கொரு எட்டு.
ஒரு பக்கத்தில் வேண்டுமென்றே தேநீர்க் கறை.

பரிசோதனைக்கூடத்துக்குப் போன ரத்தம் மட்டும்
பேருந்தில் வரவில்லை.
மருத்துவர் இரண்டு காகிதங்களையும் பார்த்தார்,
அவளையும் பார்த்தார்,
ஒன்றும் கேட்காமல்
இந்த வகுப்புக்குச் சீட்டெழுதினார்.

நாலாவது வாரம்
செவிலி ஹிலரி ஆஸ்கர்பி
பட்டாணிக் கூடையை மேசைக்கடியில் தள்ளிவிட்டுக் கேட்டாள்:
"உங்கள் மீட்டர்
யார் குரலில் பேசுகிறது?"

வெளியே கடற்காகங்கள் கூரையைப் பிறாண்டின.
"வங்கி மேலாளர்" என்றாள் ஒருத்தி.
"என் முன்னாள் மனைவி" என்றான் டாக்ஸி ஓட்டும் ட்ரெவர்,
யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தான்.
துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டிய மால்கம்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்:
"அப்பா குரலில்.
அவருக்குக் காலை எடுத்தபோது
எனக்குப் பதினொரு வயது.
செருப்பை மட்டும்
ஜோடியாகவே வாங்கிக்கொண்டிருந்தார், கடைசிவரை."

அவளுக்குத் தெரியாது,
நான் அவளை எழுதிக்கொண்டிருக்கும் இந்த மொழியில்
அந்த நோயின் பெயரைப் பிரித்தால்
நீருக்குப் பக்கத்தில்
இழிவு என்று ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது.
இறங்குவது, வடிவது என்றுதான் அங்கே பொருள்.
இருந்தாலும் காதில் வேறாக விழுகிறது.
கிரிம்ஸ்பியில் பெயர் வேறு.
விழுவது மட்டும் அப்படியேதான்.

வெண்டியின் முறை வந்தது.
"என்னுடையது பேசுவதில்லை.
பேசவிட்டால்தானே" என்றாள்.
பிறகு கைப்பையைத் திறந்து
இரண்டு பேனாக்களையும் மேசைமேல் வைத்தாள்.
எதற்கென்று சொல்லவில்லை.
சொல்லத் தேவையும் இருக்கவில்லை போல.
"நான் பென்சில்" என்றார் மால்கம்,
"திருத்துவதற்கு வசதி."
"எனக்கு என் மகள் எழுதித் தருவாள்."
"தேநீர்க் கறையா? அட, அது எனக்குத் தோன்றவில்லையே!"
அறை குலுங்கியது.
ஹிலரி சிரிக்கவில்லை.
கீழே படிப்பவர்களுக்காக எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்,
சாத்திவிட்டுச் சிரித்தாள்,
கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றிரவு வெந்நீர்க் குழாய்.
உதறல், பிழிதல், ஒரு சொட்டு.
பதினாலு புள்ளி மூன்று.
நம்மூர்க் கணக்கில் இருநூற்றைம்பத்தேழு.
கறுப்புப் பேனாவால் அப்படியே எழுதினாள்.
பக்கத்தில் இடமிருந்தது, அதனால்
'மீன் பை, இரண்டு தடவை.
இன்று பிரையனின் பிறந்தநாள்.
அவனுடைய பங்கையும் நானே' என்றும் எழுதினாள்.

எண் இறங்கிவிடவில்லை.
பயமும் முழுக்கப் போகவில்லை;
கால் விரல்களை விளக்கின் கீழ் வைத்து
ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்,
சுண்டுவிரலை இரண்டு தடவை.

கோட்டை மாட்டப் போனபோது
பையில் ஏதோ இடித்தது.
பல் பதிந்த வாழைப்பழம்.
எப்போது போட்டுக்கொண்டாளோ.
பழக்கிண்ணத்தில் நிஜ ஆப்பிள்களுக்கு நடுவில் வைத்தாள்.
வியாழக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும்.
இருபது கிராம்.
இல்லை, இருபத்திரண்டோ?
கேட்க வேண்டும்.