கையிருப்புச் சரிபார்ப்பு

வங்கி கேட்டது ஒரே ஒரு கேள்வி:
பீப்பாய்கள் இருக்கின்றனவா?
இருக்கின்றன. நாற்பத்தொன்று.
ரத்னம்மா டார்ச் பிடிக்க
ஒவ்வொன்றின் நெற்றியிலும் சாக்பீஸ் கோடு போட்டு
இரண்டு முறை எண்ணினேன்.

தொட்டபள்ளாபுரம் தாண்டி
கல்குவாரி லாரிகள் திரும்பும் மண்பாதையில்
தகரக் கூரை போட்ட கொட்டகைதான் ஒயினரி.
போர்டில் வரைந்திருந்த திராட்சைக் கொத்தில்
பாதிப் பழங்களை வெயில் தின்றிருந்தது.
நாலு நிமிடத்துக்கு ஒரு விமானம்
சக்கரங்களை நீட்டிக்கொண்டு
தலைக்கு மேலே இறங்கும்.
அப்போதெல்லாம் பேச்சை நிறுத்தி
அது போனதும்
விட்ட சொல்லிலிருந்தே தொடர்கிறார் பெள்ளியப்பா.

"முப்பத்தேழாவதை எண்ணாதீர்கள் மேடம்.
அது காடியாகிவிட்டது."

நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.
மரத்தைத் தட்டினால் எல்லாம் ஒரே சத்தம்தான்.
அடித்துவிட்டு நாற்பது என்று எழுதினேன்.

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
மூலப்பொருள், செய்முறையில் உள்ளது,
விற்பனைக்குத் தயார்.
இது எதில் வரும் என்றேன்.
திராட்சை இல்லை இனி,
ஒயினும் இல்லை இன்னும்.
"நடுக் கட்டம். நானும் அதில்தான் இருக்கிறேன்"
என்று சிரித்தார்,
மூன்று தவணை பாக்கி வைத்தவர் சிரிக்கும் விதத்தில்.

கணக்கில் வராத ஒரு கிளாஸ்
மேசைக்கு வந்தது.
வேண்டாம் என்று சொல்ல
வாயில் வார்த்தை தயாராகத்தான் இருந்தது.
விமானம் ஒன்று குறுக்கே வந்துவிட்டது.

அறுபது பங்கு ஷிராஸ், முப்பது காபர்னே.
மிச்சம் பத்து என்னவென்று அவர் சொல்லவில்லை.
திட்டமிட்ட கலவை இல்லையாம்.
அறுவடைக்கு இரண்டு நாள் இருக்கையில்
மார்ச்சில் பெய்யக்கூடாத மழை பெய்து
ஷிராஸ் தண்ணீர் குடித்து ஊதிப்போய்
தனியாக நிற்க வலுவில்லாத ஒயினானது.
காபர்னே நேர்மாறு, எவரோடும் ஒட்டாத முரடு.
"இரண்டு கடன்காரர்களைப் பிடித்து
ஒருத்தருக்கு ஒருத்தர் ஜாமீன் போடவைத்தேன்."

மூக்கை உள்ளே விடச் சொன்னார். விட்டேன்.
பிளாக்பெரி வருகிறதா?
செடார் மரம் வருகிறதா?
இரண்டையும் நான் பார்த்ததே இல்லை.
எனக்கு வந்தது
மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ்
தள்ளுவண்டி நாவற்பழம்,
உப்புத் தூவிய பொட்டலத்தின் அடி நனைந்து
கைப்பைக்குள் கசிந்த
போகவே போகாத கறை.
விழுங்கிய பிறகு
மாதுளைத் தோலைக் கடித்ததுபோல்
இரண்டு கன்னங்களும் உள்ளே இழுபட்டன.
அவர் அதற்கு ஒரு ரசாயனப் பெயர் சொன்னார்.
துவர்ப்பு, என்றேன் நான்.
"ஒகரு" என்றாள் ரத்னம்மா,
டார்ச்சை அணைத்தபடி.

ஆறு சுவைகளில்
பந்தியில் எவரும் இரண்டாம் தரம் கேட்காத சுவை.
கேட்டு வாங்கினேன்.

சாதஹள்ளி டோல்கேட்டில் வண்டி நிற்க
போன் கேமராவில் நாக்கை நீட்டிப் பார்த்தேன்.
ஊதா.
டிரைவர் நயாஸ் கண்ணாடியில் பார்த்துவிட்டு
சட்டென்று சாலையைப் பார்த்துக்கொண்டார்.

"குறிப்புகள்" கட்டம்
இருநூறு எழுத்துக்கு மேல் ஏற்காது.
நாற்பது பீப்பாய், நேரில் பார்த்தது;
ஒன்று கெட்டது, உரிமையாளரே சொன்னது.
இந்த ஏகாரத்துக்கு
ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கிடையாது.
கேட்காமலேயே, தானாக, முன்வந்து என்று
நாலைந்து சொற்களைச் சேர்க்க வேண்டியிருந்தது.
இருநூற்றுப் பதினொன்று.
கட்டம் சிவந்தது.

பின்னால் சென்று
என் பதவிப் பெயரை அழித்தேன்.
ஏகாரம் உள்ளே போனது.