மெய்க்காவல்

பதினெட்டு அடி என்றால் சும்மா இல்லை.
ஐந்தாம் வரிசையில் நின்ற காலத்தில்
என் சரிசாவின் முனை
முன்னால் நின்ற நான்கு பேரின் தோள்களைத் தாண்டிப் போய்
யாரையோ தொட்டது.
அவன் முகத்தை நான் பார்த்ததில்லை.
மரம் மட்டும் உள்ளங்கையில் ஒருமுறை அதிரும்,
தூண்டிலில் மீன் கடித்த மாதிரி.

செங்கனி காய்க்கும் கிரானியா மரம் அது.
தண்ணீரில் போட்டால் மூழ்கும்.
இரண்டு துண்டாகச் சுமந்து போய்
இரும்புக் குழலில் பொருத்துவோம்.
அடியில் இன்னொரு கூர்:
முனை முறிந்தால் திருப்பிப் பிடி என்றார்கள்.
கொலை அவ்வளவு தொலைவில் நடந்தது.
முடிந்ததும் குடித்துவிட்டுத் தூங்க முடிந்தது.

பிறகு என் உயரத்தையும்
வாய் திறவாத குணத்தையும் பார்த்து
அரசனின் வாசலுக்கு மாற்றினார்கள்.
மெய்க்காவலன் என்று பெயர்.
மெய் என்றால் உடம்பு மட்டும்தான்;
அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

அரண்மனையில் சரிசாவுக்கு வேலையில்லை.
தூக்கினால் உத்தரத்தில் இடிக்கும்,
சாய்த்தால் விளக்கைக் கவிழ்க்கும்.
ஆளுயர ஈட்டி ஒன்று தந்தார்கள்,
இடுப்புக்கு ஒரு முழக் குறுவாள்,
கதிர் விரித்த சூரியன் பொறித்த கேடயம்.
எதிரி இனி ஒரு முழத்தில்.
எதிரிக்கு இனி பெயர் உண்டு,
என்னோடு ஒரே சட்டியில் பயறு தின்ற வாய் உண்டு.

பெல்லாவின் சதுப்பில்
விடிய விடியத் தவளைகள்.
காலடியில் கூழாங்கல் பதித்த சிங்கம்;
என் இடது குதிகால் எப்போதும் அதன் கண்மேல்.
முதுகுக்குப் பின்னால் கதவு.
கதவுக்குப் பின்னால் குறட்டை,
எல்லாரையும் போலத்தான், கொஞ்சம் திணறி.

பெரிட்டியோஸ் மாதத்துத் தேய்பிறையில்
டெர்தாஸ் வந்தான்.
வலையில்லாமல் காட்டுப்பன்றியைக் குத்தி
விருந்தில் சாய்ந்து உண்ணும் உரிமை பெற்றவன்.
(எனக்குப் பன்றி வாய்க்கவில்லை.
இன்றுவரை நிமிர்ந்து உட்கார்ந்துதான் சாப்பாடு.)
"இன்றைக்கு உன் முறையை எனக்குக் கொடு" என்றான்.
எதற்கு என்றேன்.
"சும்மா."

கொடுக்கவில்லை.
விடிந்ததும் தலைவனிடம் போய்
அந்தச் சும்மாவைச் சொன்னேன்.
அது ஒன்றைத்தான் சொன்னேன்.

படை கூடியது.
ஏன் கேட்டாய் என்றார்கள்.
அவன் என்னைப் பார்த்தான்,
பிறகு தன் செருப்பு வாரைப் பார்த்தான்.
கேடயங்களில் ஈட்டித் தண்டுகள் மோதின.
அதுதான் எங்கள் தீர்ப்பு, வேறு எழுத்து இல்லை.

காவலர்கள் முதலில் எறிய வேண்டும் என்றது மரபு.
முப்பது தப்படி.
முகமும் தெரிந்தது,
தூரமும் இருந்தது.
இரண்டும் சேர்ந்து
அதற்கு முன் எனக்கு வாய்த்ததில்லை.
என் ஈட்டி பட்டதா, மண்ணில் குத்தி நின்றதா
என்று யாரும் கேட்கவில்லை.
நானாகச் சொல்வதாகவும் இல்லை.

கஸாந்திகோஸ் பிறந்ததும்
ஒரு நாயை இரண்டாக வெட்டி
இருபுறமும் வைத்து
நடுவே படை நடந்தது.
தூய்மையாகிவிட்டோம் என்றார் பூசாரி.
ஈக்கள் எங்களோடு கொஞ்ச தூரம் வந்தன.

கோடை வரைக்கும் எனக்குத் தெரியாது,
என் இடத்திலிருந்து
தலையை இடப்பக்கம் திருப்பினால்
ஒரு சிறு சாளரம் இருப்பது.
காவலன் நடையைத்தான் பார்ப்பான்.
சாளரத்துக்குக் கீழே மாவரைக்கும் கூடம்.
இரவெல்லாம் திருகை சுற்றும் திரேசியப் பெண் ஒருத்தி,
வெட்டிய முடி, முன்கையில் பச்சை குத்திய மான்.
ஒருநாள் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.
இந்த இடத்தில் வேறொரு முகத்தை
எதிர்பார்த்துப் பழகியவள்போலப் பார்த்தாள்.
அப்படித்தானா,
புகை கண்ணில் பட்டதா.

கேட்க நான் யார்.
அவளுக்கு என் மொழியும் தெரியாது.

அரசன் நன்றாக இருக்கிறான்.
தவளைகளும்.
நான் நடையைப் பார்த்தபடி நிற்கிறேன்.
கீழே திருகைச் சத்தம் நின்றால் மட்டும்
ஈட்டியை மற்றக் கைக்கு
மாற்றிக்கொள்கிறேன்.