நாலாம் நம்பர் காற்று

மூன்றாவது தடவையாக வந்து நிற்கிறது
க்ளாடிஸ் அக்காவின் சான்ட்ரோ,
தண்டையார்பேட்டையில் என் கடை வாசலில்,
பாதி சாக்கடை மூடிமேல்.

"இன்னா கஜபதி,
ஒண்ணு ரெண்டு மூணு எதுவும் வரல,
நாலுல மட்டும் கத்திக்கினு இருந்துச்சு.
இன்னைக்கு அதுவும் நின்னுபோச்சு."

பின்சீட்டு அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினாள்.
மூன்றடுக்குக் கல்யாணக் கேக்.
எர்ணாவூரில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே
முக்கால் மணிநேரம் நின்றதில்
மேலடுக்கு ரோஜாக்கள் வழுக்கி இறங்கி
மாப்பிள்ளை பெயரின்மேல் உட்கார்ந்திருந்தன.
ஆறரைக்கு ரிசப்ஷன்.

டேஷ்போர்டு அறையைக் கழற்றி
தலையைக் கால்வைக்கும் இடத்தில் கொடுத்து
மல்லாந்தேன்.
வெனிலாவும் கருகின பிளாஸ்டிக்கும்
ஒரே மூச்சில்.

அது அங்கேதான் இருந்தது.
போன மாசிக்கு நான் போட்ட வெள்ளைக் கனெக்டர்,
டீயில் ஊறிய பிஸ்கட் நிறத்தில்.
ஒரு பின்னை உருகிக் கவ்விக்கொண்டு
இழுத்தால் வர மறுத்தது.
வந்தபோது பின்னோடு வந்தது.

முதல் தடவையும் இதே கனெக்டர், இதே பின்.
வெட்டினேன், புதுசு வைத்தேன், ஐந்நூறு வாங்கினேன்.
இரண்டாம் தடவை
மஞ்சள் ப்யூஸ் அடிக்கடி போகிறது என்றாள்.
இருபதை எடுத்துவிட்டுப்
பச்சை முப்பதைச் செருகினேன்.
இனிமே போகாதுக்கா என்றேன்.
போகவில்லைதான்.
சொல்ல வந்ததன் வாயை அடைத்துவிட்டால்
எரிவது வேறு எங்கோ எரியும்.

இன்றைக்குத்தான்
கிளாம்ப் மீட்டரை மாட்டி
மோட்டாருக்கு நேராகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தேன்.
பதினொன்று காட்டவேண்டிய இடத்தில் இருபத்திரண்டு.
மோட்டாரைக் கழற்றித் தட்டினேன்.
எண்ணூர்ச் சாம்பல், ஒரு கைப்பிடி,
கறுத்த மாவாகக் கொட்டியது.
சுழல முடியாமல் சுழன்றிருக்கிறது இத்தனை நாளும்.
உருகினது கனெக்டர்,
அதற்கு ஏன் தண்டனை?

பையனைப் புதுப்பேட்டைக்கு அனுப்பினேன்,
எந்தச் சான்ட்ரோவோ செத்துக் கொடுத்த மோட்டாருக்கு.
அதுவரை ஒயரைப் பச்சைத் தோல் தெரியும்வரை வெட்டி,
தடித்த ஒயராகச் சேர்த்து,
ஈயம் ஓடி உள்ளே இறங்கும்வரை பிடித்திருந்தேன்.

க்ளாடிஸ் அக்கா சும்மா இல்லை.
காசிமேட்டு மீன்வண்டியை நிறுத்தி
ஐஸ் வாங்கித் தெர்மகோல் பெட்டியில் பரப்பி
என் ஸ்டூலில் கேக்கை வைத்து
தட்டைக் கத்தியால் ரோஜாக்களை வழித்தெறிந்தாள்.
கோனிலிருந்து புதிதாக ஒன்று பூத்தது.
பார்க்கவந்த லாரி க்ளீனர் ஒருவனுக்கு
பழைய ரோஜா.

"தப்பு என்னுதுக்கா" என்றேன்.
"ரெண்டு தடவையும் மோட்டாரைப் பாக்கல.
ப்யூஸும் நான்தான் மாத்துனேன்."

கோனிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
"அப்ப அந்தக் காசு?"

"கழிச்சுக்கலாம்."

"கழிச்சுக்கோ."
அடுத்த இதழ்.
பரவாயில்லப்பா என்று சொல்வாள் என்று
கொஞ்சநேரம் நின்றிருந்தேன்.
சொல்லவில்லை.

ஐந்து பத்துக்கு மோட்டார் வந்தது.
மஞ்சள் ப்யூஸ் அதன் இடத்துக்குப் போனது.
குளிர் பக்கமே நிற்கும் குமிழ்
(சிவப்புப் பக்கம் இந்த ஊரில் யார் திருப்பினார்கள்?)
நகரவில்லை.

நாலு: அடித்தது.
மூணு, ரெண்டு.
ஒன்றில் சத்தமே இல்லை.
மணலி பஸ் போகிற இரைச்சலில்
காற்று இருக்கிறதா இல்லையா என்று
காதுக்குத் தெரியவில்லை.

டேஷ்போர்டு அறையில் கிடந்த
என் பழைய பில்லை எடுத்துத்
துவாரத்துக்கு முன்னால் பிடித்தாள்.
'ஆறு மாதம் கேரண்டி' என்று
என் கையெழுத்தில் எழுதிய அந்த ஓரம்
லேசாக,
மிக லேசாக,
ஆடியது.