தலை விழுந்தால் ஆம்

மாதுங்கா பாலத்தின் அடியில் காலை ஆறே கால்.
பேச்சிமுத்துவின் சைக்கிள் கேரியரில்
அலுமினியக் குண்டான் ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது.
என்னிடம் ஒரு டேப்லெட், முப்பத்தொரு கேள்விகள்,
திட்டச் செலவில் தந்த ஓர் ஐந்து ரூபாய்க் காசு.

பதினெட்டாம் கேள்விக்கு மட்டும் ஒரு விதி:
எனக்குக் காட்டாமல் சுண்டுங்கள், அண்ணாச்சி.
தலை விழுந்தால், கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும்
ஆம் என்று சொல்லுங்கள்.
பூ விழுந்தால் உண்மையைச் சொல்லுங்கள்.
அந்த ஆம் உங்களுடையதா காசினுடையதா என்று
எனக்கும் தெரியாது, காக்கிச் சட்டைக்கும் தெரியாது.
கடவுளுக்குத் தெரியலாம்,
அவர் எங்கள் மாதிரியில் இல்லை.

ஃப்ரேனி மேடம் சொல்லித் தந்த வித்தை இது.
ஆயிரத்து இருநூறு பேர் சுண்டினால்
பாதியைக் காசின் கணக்கில் கழித்துவிட்டு
மிச்சத்தில் நகரத்தின் மாமூலை எடுத்துவிடலாமாம்,
யார் தலையும் உருளாமல்.

மேடத்துக்கு வேண்டியது ஒரே பதில்:
லஞ்சம் சக்கரத்துக்கு எண்ணெயா, மணலா?
அவர்கள் துறையில் வெகுகாலமாக இதைக் கேட்கிறார்கள்,
சக்கரம் வைத்த நாற்காலிகளில் உட்கார்ந்து.

பேச்சிமுத்து சுண்டவில்லை.
காசை வாங்கி, ஈரத் துணியில் துடைத்து,
திருப்பித் தந்தார்.
"இதை எதுக்கும்மா மறைக்கணும்?
நாளைக்கு அறுபது. அதோட நாலு இட்லி.
சட்னி கெட்டியா, தனியா."

அறுபதுக்குக் கட்டம் இருந்தது.
இட்லிக்கு இல்லை.

அடுத்து, தொழிலை ஏன் பெருக்கவில்லை?
"மச்சினன் சும்மாதான் இருக்கான்.
இன்னொரு சைக்கிள் எடுத்துக் குடுத்தா
கோலிவாடா பக்கம் போவான்.
ஆனா ஒரு சைக்கிள்னா பாவம்னு விடுவாங்க,
ரெண்டுன்னா நான் முதலாளி.
அறுபது நூத்தியிருபது ஆகாது தாயி,
முந்நூறு ஆகும்."

அந்த இரண்டாவது சைக்கிளை
அதன் பிறகு பல இடங்களில் பார்த்தேன்.
லேபர் கேம்ப் சந்தில், இப்ராஹிம் பாயின் தையல் கூடத்தில்
ஆறு மிஷின்களுக்குப் பக்கத்துக் காலியிடமாக அது நின்றது.
இல்லாததை எப்படி எண்ணுவது, மேடம்?
அதற்குத்தானே சமன்பாடு, என்றார்.

மார்ச் மாதம் முடிவு வந்தது.
மைனஸ் பூஜ்யம் புள்ளி மூன்று ஏழு,
அதன் தலையில் மூன்று நட்சத்திரம்.
"மணல்! மணல்தான்!" மேசையைத் தட்டினார்,
கடற்கரைக்கு வந்த பிள்ளை மாதிரி.
மூன்று நட்சத்திரம் என்றால் சந்தேகமே வேண்டாமாம்.
எங்கள் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரின் தோளிலும்
மூன்றுதான்.

நான் சொல்லாத ஒன்று உண்டு.

அப்பாவின் இறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழை.
வார்டு ஆபீசுக்கு நான்கு முறை நடந்தேன்.
ஐந்தாம் முறை விண்ணப்பத்தை மடித்தேன்,
உள்ளே ஐந்நூறு வைத்து.
சாய்பாணி என்றுகூட அந்த ஆள் சொல்லவில்லை,
மடிப்பின் கனத்தை விரல் அறிந்துகொண்டது.
பத்து நிமிடத்தில் அப்பா
சரியான பெயரில் இறந்திருந்தார்.

அந்தப் பத்து நிமிடமும் எண்ணெய்தான், மேடம்.
வழவழவென்று.
வெளியே வரும்போதுதான் கவனித்தேன்:
எனக்கு முன்னால் வந்து நின்றவள்
இன்னும் அங்கேயே நிற்கிறாள்,
மடிக்காத காகிதத்தை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

திரும்பும் ரயிலில், வடாலா தாண்டி,
பதினெட்டாம் கேள்வியை எனக்குக் கேட்டேன்.
சுண்டி, கையால் மூடினேன்.
தலை என்றால் ஆம்.
பூ என்றால் உண்மை.
கையைத் திறந்து பார்க்க
அவசியம் வரவில்லை.

வேலையில் சேர்ந்த அன்று
கையெழுத்திட்ட ரசீதைத் தமிழில் எழுதியது நான்தான்:
டேப்லெட் ஒன்று, அடையாள அட்டை ஒன்று,
நாணயம் ஒன்று.
பணி முடிந்ததும் திருப்பி ஒப்படைக்கவும்.

முதல் இரண்டையும் ஒப்படைத்துவிட்டேன்.
மூன்றாவதை
யாரும் கேட்கவில்லை.