நிகர எடை

வெள்ளைக்கல் சுரங்கத்து எடைமேடையில்
எனக்குக் காலை ஷிப்ட்.
இந்த மேடைக்கு
இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும்.
டிரைவர் இறங்கினால் கண்டுபிடித்துவிடும்,
அவர் துப்பிய வெற்றிலையைக் கண்டுகொள்ளாது.

ஆடிக் கடைசியில் ஒரே ஒரு மழை.
நாலாம் நாள், கழிவுக்கல் மேட்டில்,
வெயில் பட்டுக் கண்கூசும் அந்த வெளுப்பில்
ஊதாவாக ஏதோ கசிந்திருந்தது.
குனிந்தால்தான் பூ.
ஆறு இதழ், ஒவ்வொன்றும்
நகம் வெட்டிப் போட்ட துண்டு அகலம்.
பூக்காத நாளில் ஆடுகூட
அதைப் புல்லென்றே நினைக்கும்.

கல் பொறுக்கும் பெண்களிடம் பேர் கேட்டேன்.
கம்மல் பூ, என்றாள் கந்தாயி.
இப்பத்தான் வச்சா அந்தப் பேர, என்றாள் பொம்மி,
சிலிக்கா ஓடிய கல்லைத்
தட்டித் தட்டி ஒதுக்கிக்கொண்டே.

அர்த்தனாரி பொக்லைன் கரண்டியை இறக்க
மண்கட்டி உடைந்து
கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கிழங்கு உருண்டது.
அதன் அடியில், சுருங்கி,
போன வருசத்துக் கிழங்கின் தோல்.
அதற்கும் அடியில் கறுப்பாக ஒரு வில்லை,
முந்தின வருசமாக இருக்கலாம்.
தன்னையே தின்று
தன் மேலேயே உட்காருகிறது.
மழை பொய்த்த வருசத்தை
எந்தக் கணக்கில் எழுதுமோ.

டிபன் பாக்ஸ் மூடியில் எடுத்துவைத்தேன்.
செவ்வாய்ப்பேட்டையில் மாடி வீடு, இரண்டு தொட்டி.
தினமும் தண்ணீர் ஊற்றுவேன்,
சும்மா இருக்க எனக்கு வராது.
அழுகிவிடும்.

பதினொரு மணிக்கு லாரி இல்லை.
கிழங்கோடு மேடையில் ஏறி நின்றேன்.
நான் நாற்பத்தெட்டு.
நாற்பது, என்றது சிவப்பு எழுத்து.
விட்டுப்போன எட்டில்
அதுவும் இருந்தது.

அந்தக் கழிவு மேட்டையும்
அடுத்த டெண்டரில் அள்ளுவார்களாம்.
அதனால் இங்கேயே, எடைமேடைக் கொட்டகையின்
கிழக்குத் தூணடியில், மூணு விரல் ஆழத்தில் வைத்தேன்.
அடையாளம் வைக்கவில்லை.
வைத்தால் யாராவது தோண்டிப் பார்ப்பார்கள்;
நானே பார்ப்பேன்.

இப்போது பங்குனி.
தூணடியில் பீடித்துண்டு, வெள்ளைத் தூசி,
ஒரு சோடா மூடி.
எதிரே சேர்வராயன் மலை
சூளைப் புகைக்குப் பின்னால் பாதிதான் தெரிகிறது.
லோடு லாரி மேடையேறும்போதெல்லாம்
அந்தத் தூண்
லேசாக அதிர்கிறது.