பற்று வரவு

வெண்டல் ஸ்ட்ரூப்புக்குக் கழிவுநீர் லாரிகள் மூன்று.
மூன்றாவதன் பின்புறம் இப்போது அவர் முகம்:
காதுவரை வெயிலில் கறுத்து,
தொப்பி மறைத்த நெற்றி மட்டும் பால் வெள்ளை.
கீழே கொட்டை எழுத்தில்,
"வீண்செலவை உறிஞ்சி எடுப்பேன்."
அந்த வரி என் தம்பி மகன் சொன்னது.
காசு வாங்கவில்லை.

பதினாறு வருடமாக அவருக்குக் கணக்கு எழுதுகிறேன்.
கான்சஸின் மேற்கு ஓரத்தில்
எந்த வீட்டுத் தொட்டி எந்த மாதம் நிரம்பும்,
யார் வீட்டில் திடீரென்று ஆள் கூடியிருக்கிறது,
யார் வீட்டில் ஒருவர் குறைந்துவிட்டார்,
எல்லாம் எங்களுக்கு முதலில் தெரியும்.
அவர் ஓட்டுக் கேட்கப் போனால்
நாய்கள்கூடக் குரைப்பதில்லை.

ஜூலை முழுக்க நடந்தார்.
வரி குறைய வேண்டும் என்றார்.
டொபீகாவில் உட்கார்ந்துகொண்டு எவனோ ஒருவன்
என் குழாயின் அகலத்தைத் தீர்மானிப்பதா என்றார்.
துப்பாக்கி, பள்ளிக்கூடம், பிரார்த்தனை பற்றி
அவர் சொன்னதில் பாதி எனக்கு ஒப்பவில்லை.
நேரிலேயே சொல்லியிருக்கிறேன்.
"நீ கூட்டலைச் சரியாகப் போடு" என்பார்,
கோபமில்லாமல்.

"அரசாங்கத்திடம் கை நீட்டாமல் வளர்ந்தவன்"
என்று முதல்முறை அவர் மேடையில் சொன்னபோது
வாய்க்குப் போன காப்பி பாதியில் நின்றது.

நீலப் பேரேடு, தொற்று வந்த வருடம், மே மாதம்.
சந்தை இல்லை, ரோடியோ இல்லை, கல்யாணம் இல்லை.
வாடகைக் கழிப்பறைகள் நூற்றெழுபதும்
புல்வெளியில் வரிசையாக நின்றன,
கேட்க நாதியில்லாமல்.
வரவுப் பக்கத்தில், என் கையெழுத்தில்,
அறுபத்தோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு டாலர்.
திருப்பிக் கட்ட வேண்டாமென்று பிறகு கடிதம் வந்தது.
விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட
என் பேனாவை வாங்கினார்.
அதுவும் திரும்பி வரவில்லை.

நான் வாய் திறக்கவில்லை.
அவர் பொய் சொல்வதாகவும் தோன்றவில்லை.
மறந்துவிட்டார் என்று நினைத்தேன்,
மறப்பதற்குப் பாடுபட்டிருக்கிறார் என்று.

லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம்.
மடக்கு நாற்காலி அறுபது, செர்ரி கேக்,
ஓடியும் காற்று வராத மின்விசிறி.
பள்ளி வேன் ஓட்டும் ரொக்சான் பீல் எழுந்தாள்.
"வெண்டல், ஒரு தடவைகூட
நீ வாங்கினதே இல்லையா?"

அவர் என்னைப் பார்த்தார்.
கூட்டம் அவரைப் பார்த்தது.
நான் என் கைப்பையின் கொக்கியைப் பார்த்தேன்.

"வாங்கினேன்" என்றார்.
தொகையைச் சொன்னார்,
அந்தப் பன்னிரண்டையும் விடாமல்.

"ஆர்லோவுக்கும் டீனுக்கும் சம்பளம் போட்டது அதில்தான்.
தப்பென்று அப்போதே நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.
மறுபடி அப்படி ஒரு மே மாதம் வந்தால்
மறுபடியும் வாங்குவேன்."

யாரும் கைதட்டவில்லை.
பின்வரிசையில் யாரோ நாற்காலியை மடித்த சத்தம்.
ரொக்சான் உட்காராமல் கொஞ்ச நேரம் நின்றாள்,
அடுத்த கேள்வியைத் தேடுகிறவள் போல.
எதிர்த்து நிற்கும் கால்நடை மருத்துவர்
தண்ணீர் குடித்தார்.
இதைப் பற்றில் எழுதுவதா வரவில் எழுதுவதா
என்று எனக்கு விளங்கவில்லை.

லாரியில்தான் என்னை வீட்டில் இறக்கிவிட்டார்.
ரேடியோவில் கோதுமை விலை.
இரண்டு பக்கமும் இருட்டில் சோளக்காடு.
"எவ்வளவு ஓட்டுப் போயிருக்கும்?"
"எனக்கு டாலர்தான் எண்ணத் தெரியும்" என்றேன்.
சிரித்த மாதிரி இருந்தது. இருமலாகவும் இருக்கலாம்.

காலை ஆறு மணிக்குப் போன்.
தேவாலயத்துத் தொட்டி பொங்கிவிட்டதாம்.
அறுபது பேர், ஒரே ராத்திரி.
அவரே போய், அவரே குழாய் பிடித்து,
முழங்கைவரை ஈரத்தோடு வந்து நின்றார்.

"போதகர் தள்ளுபடி கேட்கிறார்" என்றேன்.
"முழுசாகப் போடு.
குறைத்தால் ஓட்டுக்கு லஞ்சம் என்பார்கள்."
கதவுவரை போனவர் திரும்பி வந்து
"அறுபது நாள் தவணை கொடு" என்றார்.

இருநூற்று எண்பது. எழுதிக்கொண்டேன்.
செவ்வாய்க்கிழமை தேர்தல்.
திங்களன்று மூன்று தொட்டி,
அதில் ஒன்று மருத்துவர் வீடு.