இருபத்துமூன்றாவது நகர்வு

ராணியை டி-ஏழில் வைத்து
கடிகாரத்தை அழுத்தினேன்.
விரல் பொத்தானை விட்டு எழவில்லை,
அதற்குள் தெரிந்துவிட்டது.

ஆறாவது சுற்று, பதினெட்டாம் பலகை.
கிருஷ்ணகிரியில், நேற்று யாருக்கோ
கல்யாணம் முடிந்த மண்டபம்.
மேடையில் மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து
நடுவர் வெள்ளரிக்காய் தின்கிறார்.
பெண்ணின் நாற்காலியில் கோப்பைகள்.
கால் வைத்த இடமெல்லாம் அட்சதை.

எதிரே முனிரத்தினம்,
ராயக்கோட்டை தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவர்.
அவருடைய குதிரை ஈ-நான்கில் நிற்கிறது.
அது எஃப்-ஆறில் குதித்தால்
ஒரு காலடியில் என் ராஜா,
இன்னொரு காலடியில் என் ராணி.

வெட்டிவிடலாமே என்று தோன்றும்.
ஜி-ஏழில் என் சிப்பாய் இருக்கிறான்,
எஃப்-ஆறு அவன் கைக்கெட்டும் தூரம்.
ஆனால் ஜி-மூன்றில் வெள்ளை யானை;
நடுவில் ஒரு ஈ, காக்கை இல்லை.
சிப்பாய் விலகினால்
யானை நேரே ராஜாவின் நெஞ்சுக்கு.
எனக்குப் பழகிய நிலைமைதான் இது:
சுங்கச்சாவடி மூன்றாம் தடத்தில்
கம்பம் தூக்காமல் மாட்டிக்கொள்ளும் மத்தியானங்களில்
நானும் இப்படித்தான் இருப்பேன்.
காவலுக்கு உட்கார்ந்திருக்கிறேன்,
அசைய முடியாது.

புதிர்ப் புத்தகத்தில் மேலேயே போட்டிருக்கும்,
வெள்ளை ஆடி வெல்கிறது என்று.
புதையல் உண்டு என்று சொன்னபிறகு
யார்தான் தோண்ட மாட்டார்கள்?
இங்கே அவருக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்.
நான் வாய் திறக்கக் கூடாது.
விதி அப்படி.
ஆசையும் அப்படி.

நகர்வைத் தாளில் எழுதினேன், நிதானமாக.
ஆறு வருடம் சாவடியில் தேய்த்த ஒரு முகம்
என்னிடம் இருக்கிறது.
ஃபாஸ்டேக்கில் பணமில்லாத லாரிக்காரர்
கெட்ட வார்த்தை சொல்லும்போது போட்டுக்கொள்வது.
அதை எடுத்து மாட்டினேன்.
எஃப்-ஆறைப் பார்க்கக் கூடாது,
என் கண்ணைப் பிடித்துக்கொண்டே
அவரும் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவார்.
சன்னல் வழியே சையத் பாஷா மலையைப் பார்த்தேன்.
வெயிலில் பாறை.
மேலே யாரோ ஏறிக்கொண்டிருந்தார்கள்,
அல்லது இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

பதினோரு நிமிடம்.

அவர் கை எழுந்தது.
அமுக்காமலே அழுகலைச் சொல்லும் விரல்கள்
குதிரையின் காதுக்கு மேலே வந்து நின்றன.
தொட்டால் ஆடியே ஆக வேண்டும்.
தொடவில்லை.
மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு
எச் ஓரத்துச் சிப்பாயை
ஒரு கட்டம் தள்ளினார்.

அடுத்த நொடியே என் ராஜாவை
மூலையில் கொண்டுபோய் ஒளித்தேன்.
நாற்பத்தேழாவது நகர்வில்
அவர் கை நீட்டினார்.

வெளியே கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில்
மனசு கேட்காமல் சொன்னேன்:
"குதிரை எஃப்-ஆறு இருந்துச்சு சார்."
"பாத்தேனேம்மா" என்றார்.
"பாத்துட்டு உன் மூஞ்சியப் பாத்தேன்.
இவ்ளோ நிம்மதியா இருக்கியே,
ஏதோ குழி வெட்டி வெச்சிருக்கேன்னு நெனச்சேன்."
சிரித்தார்.
டம்ளரைக் கழுவிக் கொடுத்துவிட்டு
ராயக்கோட்டை பஸ்ஸில் ஏறினார்.
கொஞ்சம் கோபப்பட்டிருக்கலாம்.

இரவுப் பணி, மூன்றாம் தடம்.
மாங்காய் லாரிகள் வரிசையாக வருகின்றன.
சட்டைப் பையில் மடித்த ஆட்டத்தாளை
இடைவெளியில் பிரித்துப் பார்க்கிறேன்.
மற்ற வரிகளெல்லாம் சீராக இருக்க
இருபத்துமூன்றாவது வரியில்
பேனா தாளைத் துளைத்திருக்கிறது.
விளக்குக்கு நேரே பிடித்தால்
அந்த ஓட்டை வழியே வெளிச்சம் வருகிறது.

பலகைக்குப் பக்கத்திலேயே கிடந்தது இது,
பதினோரு நிமிடமும்,
அவர் கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில்.